பனிமலைக் கிராமமும் அதன் கழிவுநீரும்

கோடை விடுமுறை விட்டதும் தில்லியிலுள்ள நம் குடும்பங்களில் பாதி சிம்லாவுக்கோ முசௌரிக்கோ மணாலிக்கோ கிளம்பிவிடுகின்றன. போகும் வழியில் ஓர் ஓடையைக் கண்டால் போதும்; வண்டியை நிறுத்தச் சொல்லி, இரு கைகளாலும் அள்ளிக் குடித்து, "பனி உருகி வருகிற தண்ணீர், இதைவிடச் சுத்தமானது உண்டா?" என்று பிள்ளைகளுக்கும் கொடுப்போம். குளிரில் கிருமி வாழாது என்பது நம்மில் பலருக்கு உள்ள நம்பிக்கை.

அந்த நம்பிக்கை தவறு என்பதற்குச் சான்று நம் வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. ஒரு வாரம் உள்ளே கிடந்த தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றினால் மறுநாள் காலையில் தயிர் தயார். அந்த ஒரு வாரமும் தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடவில்லை. வேலை செய்யாமல் சும்மா இருந்தன, அவ்வளவுதான். நோய்க் கிருமிகளில் பலவும் இப்படித்தான் குளிரில் காத்துக் கிடக்கும். அழுக்கைத் தின்று நமக்கு உதவும் நுண்ணுயிர்களும் இப்படித்தான் குளிரில் வேலைநிறுத்தம் செய்யும். கெட்டவை சாகாது, நல்லவை உழைக்காது! மலைக் கிராமங்களில் கழிவுநீரைச் சுத்தம் செய்வதிலுள்ள சங்கடம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு கிராமம் இதை எப்படித் தெரிந்துகொண்டது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஸெர்மாட், 1963

ஸ்விட்சர்லாந்தின் தென்கோடியில், 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் இருக்கிறது ஸெர்மாட். ஊரின் உயரம் சுமார் 1,600 மீட்டர். சிம்லா இதைவிட உயரமான இடம்தான். ஆனால் ஆல்ப்ஸ் மலை பூமத்திய ரேகையிலிருந்து வெகு வடக்கே இருப்பதால், ஸெர்மாட்டில் பனிக்காலம் நீளமானது, குளிரும் கடுமையானது. பெட்ரோல் கார்களுக்கு ஊருக்குள் அனுமதி கிடையாது; ஐந்து கிலோமீட்டர் கீழேயுள்ள டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயிலில்தான் ஏற வேண்டும். காற்று அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஊர்.

அந்த ஊரில் 1963-ஆம் ஆண்டு, பனிச்சறுக்கு விளையாட்டு மும்முரமாக நடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் டைபாய்டு பரவியது. நானூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். நோயாளிகளில் பலர் பிரிட்டன் முதலிய வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். மார்ச் மாதத்தில் விருந்தினர்கள் வெளியேற, ஓட்டல்கள் மூடப்பட்டன. உலகின் மிகச் சுத்தமான நாடு என்று பெயரெடுத்த ஸ்விட்சர்லாந்தில், அதுவும் பனி மூடிய மலையில், டைபாய்டா என்று பத்திரிகைகள் கேட்டன. வியாபாரம் கெட்டுவிடும் என்று செய்தியை உடனே வெளியிடத் தயங்கினார்கள் என்ற கண்டனமும் எழுந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

டைபாய்டுக் கிருமி மனிதனிடம் மட்டுமே வாழ்வது. ஆடு மாட்டிலிருந்தோ, மண்ணிலிருந்தோ அது வராது. ஆகவே டைபாய்டு எங்கே வந்தாலும், எங்கோ ஒரு மனிதனின் மலம் இன்னொரு மனிதனின் வாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது நிச்சயம். சொல்வதற்கு அருவருப்பாக இருந்தாலும் இதை மறைத்துச் சொல்ல வழியில்லை. நோய் வந்து குணமான சிலர், தாங்கள் நன்றாக இருக்கும்போதே வருடக்கணக்கில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். மேலே ஒருவர், கீழே ஓர் ஓடை, அதற்குக் கீழே குடிநீர்க் குழாய் - இது போதும்.

இதைத் தவிர மலைக்கே உரிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஓடையின் கணக்கு. பனிப்பாறையிலிருந்து வரும் ஓடைகள் கோடையில் பெருகும். ஜனவரி முதல் மார்ச் வரை எல்லாம் உறைந்து கிடப்பதால் ஒல்லியான நூலாக ஓடும். விளையாட வரும் கூட்டமோ அந்த மாதங்களில்தான் அலைமோதும். கழிவு அதிகமாகிற நாளில், அதைக் கரைத்து நீர்க்கச் செய்யவேண்டிய தண்ணீர் மிகக் குறைவாக இருக்கிறது. சமவெளியில் மழைக்காலத்து வெள்ளத்தை நினைத்துப் பயப்படுகிறோம். மலையிலே பயப்பட வேண்டியது, ஒன்றும் நடக்காததுபோல வெள்ளை வெளேரென்று அமைதியாக இருக்கும் பிப்ரவரி மாதத்தை.

இரண்டாவது, டைபாய்டின் நாள் கணக்கு. கிருமி உள்ளே போய் காய்ச்சல் தலைகாட்டுவதற்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். விடுமுறைக்கு வந்தவர் ஒரு வாரம் தங்கி, குடித்துக் குளித்து விளையாடி, ஆரோக்கியமாக ஊருக்குத் திரும்பிவிடுவார். காய்ச்சல் அவருடைய வீட்டில் வரும். அங்கே உள்ள டாக்டருக்கு, இவர் எங்கே தண்ணீர் குடித்தார் என்று எப்படித் தெரியும்? நோய் பரவுகிறது என்று மூல ஊர் உணர்வதற்குள் அடுத்தடுத்து இரண்டு மூன்று கூட்டம் வந்து அதே தண்ணீரைக் குடித்துப் போயிருக்கும்.

அந்தக் காலத்து ஸ்விட்சர்லாந்தில் இதெல்லாம் ஸெர்மாட்டுக்கு மட்டும் நேரக்கூடிய ஆபத்து என்று சொல்ல முடியாது. நீர்நிலைகளைக் காப்பது அரசின் பொறுப்பு என்று 1953-லேயே அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 1955-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் 1965-ல் நாட்டு மக்களில் 14 சதவீதம் பேருடைய கழிவுநீர்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. மற்றதெல்லாம் ஆற்றுக்கும் ஏரிக்கும்தான். ஏரிகளில் குளிக்கக் கூடாது என்று பலகை வைத்த காலம் அது. 1971-ல் கடுமையான புதிய சட்டம் வந்து, மத்திய அரசு பணமும் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் வேலை வேகமாக நடந்தது. இன்று ஏறத்தாழ 97 சதவீதம் பேருடைய கழிவுநீர் சுத்தம் செய்யப்படுகிறது. பணக்கார நாடு, அவர்களுக்கென்ன என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பணக்கார நாட்டுக்கும் சட்டம் போட்டதிலிருந்து வேலை முடிய ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது.

மாவு பொங்காத கதை

கழிவுநீர் சுத்திகரிப்பு என்றால் ஏதோ பெரிய ரசாயன வித்தை என்று நினைக்க வேண்டாம். முக்கால்வாசி வேலை நம் சமையலறையில் நடப்பதுதான்.

முதலில் கம்பிச் சல்லடையில் துணி, காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் நிற்கும். பிறகு மணல் படியும். மலை ஊரில் பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்கத் தெருவில் சரளைப் பொடி தூவுவார்கள். அதுவும் இங்கே வந்து சேரும். மேலே மிதக்கும் எண்ணெயும் கொழுப்பும் வழித்தெடுக்கப்படும். அடுத்து பெரிய தொட்டியில் தண்ணீர் சில மணி நேரம் நின்று, கனமான கசடு அடியில் தங்கும். இதுவரை நடந்தது வெறும் வடிகட்டல். கரைந்திருக்கும் அழுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

அதை எடுப்பதற்குத்தான் நுண்ணுயிர்கள். காற்றூட்டும் தொட்டியில் குமிழ் குமிழாகக் காற்றைச் செலுத்தினால், பிராணவாயு கிடைத்த மகிழ்ச்சியில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பெருகுகின்றன. பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, அடுத்த தொட்டியில் அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீர் வெளியேறுகிறது. அடியில் படிந்த கசட்டில் ஒரு பகுதியைத் திரும்பவும் முதல் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். எதற்கு? உறைமோருக்குத்தான்! நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைக்கிறோமே, அதே தத்துவம். இந்த முறையை 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கண்டறிந்து வெளியிட்டார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகியும் உலகமெங்கும் இதுதான் அடிப்படை.

இனி குளிருக்கு வருவோம். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தில்லி ஜனவரியில் இட்லி மாவு அரைத்து வைத்தால் என்ன ஆகிறது? ஊரில் எட்டு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு, இங்கே மறுநாள் மாலை வரை கல் மாதிரி கிடக்கும். கம்பளியைச் சுற்றி, ஹீட்டர் பக்கத்தில் வைத்து, என்னென்னவோ செய்கிறோம். ஸெர்மாட்டின் தொட்டியிலும் அதே பிரச்சினை.

அழுக்கைத் தின்னும் சாதாரண பாக்டீரியாக்கள் குளிரில் மந்தமானாலும் ஓரளவு சமாளித்துவிடும். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது. அவைதான் பூஞ்சை உடம்பு. அம்மோனியா மீன்களுக்கு விஷம் என்பதால் இவற்றின் உழைப்பு அவசியம். தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால், இவை தொட்டியில் நான்கைந்து நாள் தங்கினால் போதும், பெருகிவிடும். 10 டிகிரியில் பத்து நாளுக்கு மேல் வேண்டும். அதற்குள் கசடோடு வெளியே போய்விட்டால் கூட்டம் கரைந்து காணாமலே போய்விடும். நாள் அதிகம் வேண்டுமென்றால் தொட்டி பெரிதாக வேண்டும்; மலையில் சமதளத்துக்கு எங்கே போவது?

குளிர் இன்னொரு விதத்திலும் தொல்லை தருகிறது. குளிர்ந்த நீர் சற்றுக் கெட்டியானது. எண்ணெய் குளிரில் தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அப்படித்தான். 20 டிகிரியில் படியும் கசடு 5 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு மெதுவாகப் படிகிறது. ஆதாயமாக ஒன்று உண்டு: குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் கரையும். ஆனால் உயரத்தில் காற்றே மெலிந்திருப்பதால் அந்த ஆதாயத்திலும் ஒரு பகுதி போய்விடுகிறது.

நடுக் குளிர்காலத்தைவிட மோசமான நாட்கள், பனி உருகத் தொடங்கும் நாட்கள்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஜனவரியில் வீடுகளிலிருந்து வரும் நீர் குளியலறை, சமையலறைச் சூட்டோடு வருகிறது. குழாய்களும் உறைபனி எட்டாத ஆழத்தில் புதைக்கப்பட்டிருக்கின்றன. ஏப்ரலில் உருகிய பனிநீர், குழாய் இணைப்புகளின் வழியாகவும் மூடிகளின் வழியாகவும் உள்ளே புகுந்துவிடுகிறது. சாக்கடை நீரின் வெப்பம் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும், அளவோ கூடிவிடும். ஈஸ்டர் விடுமுறைக் கூட்டமும் சில ஆண்டுகளில் சரியாக அப்போதுதான் வந்து இறங்கும்.

ஐரோப்பியப் பொருளாதார சமூகம் 1991-ல் நகரக் கழிவுநீருக்கு விதிகள் வகுத்தபோது, 1,500 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில் குளிரினால் உயிரியல் முறை கடினமாகும் இடங்களில் குறைந்த அளவு சுத்திகரிப்புப் போதும் என்று ஒரு சலுகை கொடுத்தது. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று ஆய்வு காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்விட்சர்லாந்து அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினர் இல்லை. என்னைக் கேட்டால், சலுகை நியாயமானதுதான். ஆனால் கீழே இருந்து தண்ணீர் குடிப்பவனுக்கு இந்தச் சலுகையால் என்ன பயன்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

மனிதர் ஒருவர் ஒரு நாளில் தரும் கழிவைத் தின்று தீர்க்க, நுண்ணுயிர்களுக்கு ஐந்து நாளில் 60 கிராம் பிராணவாயு தேவைப்படுகிறது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு. ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நிரந்தரமாக வசிப்போர் 500. விடுமுறை நாளில் விருந்தினரையும் சேர்த்து 2,500. சாதாரண நாளில் 60 x 500, அதாவது 30 கிலோ. விடுமுறை நாளில் 150 கிலோ. ஆளுக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒரு லட்சம் லிட்டர் ஐந்து லட்சம் லிட்டராகிவிடும்.

ஆக, 500 பேர் உள்ள கிராமம் 2,500 பேருக்கு நிலையம் கட்ட வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம். இங்கே விருந்து மூன்று மாதம். அந்தச் செலவில் விருந்தினரின் பங்கை அறை வாடகையில் வாங்குவதா, வரியில் வாங்குவதா என்பது ஒவ்வொரு மலை ஊருக்கும் தலைவலி. கட்டிய பிறகும் சிக்கல் தீராது. நவம்பரில் ஊர் காலியாக இருக்கும்போது நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். டிசம்பர் கடைசியில் ஒரே வாரத்தில் ஐந்து மடங்கு உணவு வந்து கொட்டும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் வந்த பிறகு அடுப்பு மூட்டினால் எப்படி இருக்கும்? அதனால் இப்படிப்பட்ட நிலையங்களில் தொட்டிகளை இரண்டு மூன்று வரிசையாகக் கட்டி, சீசனுக்குச் சில வாரம் முன்பே கசட்டை வெளியேற்றுவதைக் குறைத்து, நுண்ணுயிர்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு நாளுக்குள்ளும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. மாலை நான்கு ஐந்து மணிக்குச் சறுக்குப் பாதைகள் மூடியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அறைக்குத் திரும்பி வெந்நீரில் குளிப்பார்கள். உடனே ஓட்டல் சமையல் தொடங்கும். அந்த வெள்ளத்தை ஒரு தொட்டியில் பிடித்து நிறுத்தி, இரவு முழுவதும் சிறிது சிறிதாக அனுப்ப வேண்டும்.

சமையல் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. 1980-களில் இலங்கையிலிருந்து ஸ்விட்சர்லாந்துக்கு அகதிகளாகப் போன நம் தமிழர்களில் மிகப் பலர் ஓட்டல், உணவக சமையலறைகளில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் பெட்டி ஒன்று இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் குளிர்ந்த குழாயில் போனால் மெழுகாக உறைந்து அடைத்துவிடும். அதைத் தடுக்கும் அந்தப் பெட்டியைக் காலி செய்வது சமையலறையிலேயே பிடிக்காத வேலை. ஊர்ச் சாக்கடையின் ஆரோக்கியம் அந்த வேலையிலிருந்துதான் தொடங்குகிறது.

பாறைக்குள் ஒரு நிலையம்

இன்றைய ஸெர்மாட்டில் நிரந்தரமாக வசிப்போர் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சீசன் உச்சத்தில் ஊரில் இருப்போர் அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். சுத்திகரிப்பு நிலையத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மலைப்பாறையைக் குடைந்து, குகைக்குள். பள்ளத்தாக்கில் இருக்கும் கொஞ்சம் சமதளம் தங்கத்தைவிட விலை அதிகம். வெளியே வைத்தால் பனிச்சரிவுக்கும் பாறைச்சரிவுக்கும் பயப்பட வேண்டும், நாற்றத்துக்கு விருந்தினர் முகம் சுளிப்பார்கள். குகைக்குள் குளிர்காலத்துக் காற்றும் நேரடியாகத் தாக்காது. மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றியதுபோல!

குகையை நினைத்தபோதெல்லாம் பெரிதாக்க முடியாது. அதற்கு வழி சவ்வு முறை. கசடு தானாகப் படியட்டும் என்று காத்திராமல், மிக நுண்ணிய துளைகள் உள்ள சவ்வின் வழியே நீரை உறிஞ்சி எடுப்பது இந்த முறை. துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. டைபாய்டுக் கிருமியின் பருமன் அதைப்போலப் பல மடங்கு. அது நுழைய முடியாது. படியும் தொட்டி வேண்டியதில்லை என்பதோடு, காற்றூட்டும் தொட்டியில் வழக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு அடர்த்தியாக நுண்ணுயிர்களை வைத்துக்கொள்ளலாம். குளிரில் ஒவ்வொன்றும் மெதுவாக வேலை செய்தால், ஆட்களைக் கூட்டிவிடுவது! மின்சாரச் செலவும், சவ்வைக் கழுவிப் பராமரிக்கும் செலவும் அதிகம். ஸெர்மாட்டின் வருமானத்துக்குக் கட்டுப்படியாகும். எல்லா ஊருக்கும் ஆகாது.

அந்த நீர் போய்ச் சேரும் வழியையும் பார்க்க வேண்டும். விஸ்பா ஆற்றில் விழுந்து, ரோன் நதியில் கலந்து, ஜெனீவா ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியிலிருந்து சுமார் ஒன்பது லட்சம் பேருக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். ஏரியின் ஒரு கரை ஸ்விட்சர்லாந்து, இன்னொரு கரை ஃபிரான்ஸ். டைபாய்டு வந்த அதே 1963-ல்தான் ஏரியைக் காக்க இரு நாடுகளும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அப்போது அவர்களின் பெரிய கவலை பாஸ்பரஸ். சலவைப் பொடியிலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் பாஸ்பரஸ் ஏரியில் பாசியை வளர்த்து, பிராணவாயுவைத் தீர்த்துவிடும். 1970-களின் கடைசியில் ஏரி நீரில் லிட்டருக்குச் சுமார் 90 மைக்ரோகிராம் இருந்தது. நிலையங்களில் இரும்பு உப்பைக் கலந்து பாஸ்பரஸைப் படிய வைத்தார்கள்; துணி துவைக்கும் பொடியில் பாஸ்பேட் சேர்ப்பதை 1986-ல் ஸ்விட்சர்லாந்து தடை செய்தது. இன்று ஏரியில் இருப்பது அன்றைய அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

ஸெர்மாட்டுக்கும் மேலே, பனிப்பாறைகளுக்கு நடுவில், 2,883 மீட்டர் உயரத்தில் மலையேறுவோர் தங்கும் மோன்ட்டே ரோசா விடுதி இருக்கிறது. ஜூரிக் தொழில்நுட்பக் கழகமும் ஸ்விஸ் ஆல்ப்ஸ் மன்றமும் சேர்ந்து 2009-ல் புதிதாகக் கட்டியது. கோடையில் சில மாதம்தான் அங்கே பனி உருகித் தண்ணீர் கிடைக்கும். அதை விடுதிக்கு மேலே பாறையில் இரண்டு லட்சம் லிட்டர் பிடிக்கும் தொட்டியில் சேர்த்து வைத்து ஆண்டு முழுவதும் பயன்படுத்துகிறார்கள். கழிவுநீரை நுண்ணுயிராலும் நுண்வடிகட்டியாலும் சுத்தம் செய்து கழிவறையில் ஊற்ற மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், ஆனால் அத்தனையும் கட்டியாக!

மிஞ்சும் கசட்டைப் பற்றி இரண்டே வரி. முன்பெல்லாம் எருவாக வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் போட்டார்கள். அதிலுள்ள உலோகங்களும் நோய் அச்சமும் காரணமாக ஸ்விட்சர்லாந்து 2006-ல் அதைத் தடை செய்துவிட்டது. இப்போது நீரைப் பிழிந்தெடுத்து, லாரியில் ஏற்றி, எரிக்கிறார்கள்.

நிலையம் இருந்தால் போதுமா?

நம் பக்கத்துச் சிம்லாவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2015 டிசம்பரிலும் 2016 ஜனவரியிலும் அங்கே மஞ்சள் காமாலை பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. மல்யாணாவில் உள்ள கழிவுநீர் நிலையத்திலிருந்து சரியாகச் சுத்தமாகாத நீர் அஷ்வனி கட் என்ற ஓடையில் கலந்து, அந்த ஓடையிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் எடுக்கப்பட்டது. 1963-ல் ஸெர்மாட்டில் நடந்ததற்கும் இதற்கும் ஐம்பத்திரண்டு ஆண்டு இடைவெளி. மாதங்கள்கூட ஏறக்குறைய அவையே: குளிர், ஒடுங்கிய ஓடை. ஆனால் ஒரு வித்தியாசம். சிம்லாவில் நிலையம் இருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொள்வதில்தான் கோளாறு.

ஆகவே ஒரு சிறிய மலைக் கிராமத்துக்கு எந்த முறை நல்லது என்று கேட்டால், அந்த ஊரில் உள்ள ஆளே பார்த்துக்கொள்ளக்கூடிய முறை நல்லது என்பது என் எண்ணம். சவ்வும் குகையும் இல்லாத ஊர்களுக்கு ஃபிரான்ஸில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நாணல் பாத்தி. ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் காத்தே சைடல் அம்மையார் நீர்ச்செடிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது இது. ஃபிரான்ஸில் ஆயிரக்கணக்கான சிறு ஊர்கள் இதைப் பயன்படுத்துகின்றன. ஆல்ப்ஸ் கிராமங்களும் அவற்றில் உண்டு.

சல்லடையில் வடித்த கழிவுநீரை நேராகவே, சரளைக்கல் நிரப்பி நாணல் நட்ட பாத்தியின்மேல் விட்டு விட்டுக் கொட்டுகிறார்கள். கசடு மேலே தங்கி மக்கி உரமாகிறது. காற்றில் நாணல் ஆடும்போது தண்டைச் சுற்றி இடைவெளி உண்டாகி, பாத்தி அடைத்துக்கொள்ளாமல் நீர் கீழே இறங்குகிறது. சரளையில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் மீதி வேலையைச் செய்கின்றன. அங்கிருந்து இரண்டாவது வரிசைப் பாத்திக்குப் போய், பிறகு ஓடைக்கு. சரிவு இருப்பதால் பம்பு வேண்டாம், பல இடங்களில் மின்சாரமே வேண்டாம். மலை தரும் தொல்லைகளுக்கு நடுவே அது தரும் ஒரே இனாம் இந்தச் சரிவுதான். குளிர்காலத்தில் நாணல் காய்ந்து நிற்கும். மேலே கசடும் பனியும் போர்வையாக மூடியிருக்க, உள்ளே நுண்ணுயிர்கள் மெதுவாக ஆனால் நிற்காமல் உழைக்கும். அம்மோனியா மட்டும் கோடையில் போகிற அளவுக்குப் போகாது.

ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர் பாத்தி போதும். மேலே சொன்ன கணக்குக் கிராமத்தில் 500 பேர் மட்டும் என்றால் 1,000 சதுர மீட்டர், நாலைந்து மனை. 2,500 பேர் என்றால் ஓர் ஏக்கருக்கு மேல் போய்விடும். எனவே விருந்தாளிகள் மொய்க்காத ஊர்களுக்குத்தான் இது உகந்தது. அப்படிப்பட்ட ஊர்கள்தான் ஆல்ப்ஸில் அதிகம்.

முதல் வரிசையில் மூன்று பாத்திகள் இருக்கும். ஒரு பாத்திக்கு மூன்றரை நாள் நீர் விட்டு, பிறகு ஏழு நாள் அதற்கு ஓய்வு. ஓய்வில்லாவிட்டால் பாத்தி மூச்சுத் திணறி அடைத்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கசடு ஏறும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி எடுத்தால் போதும். ஆண்டுக்கொரு முறை காய்ந்த நாணலை அறுக்க வேண்டும். மற்றபடி, ஊராட்சி ஆள் ஒருவர் வாரத்தில் இரண்டு தடவை வந்து, ஒரு பாத்தியின் வால்வை மூடி அடுத்ததைத் திறக்க வேண்டும். பனிக்காலத்தில் வந்தால், மண்வெட்டியால் பனியைத் தோண்டி முதலில் வால்வைக் கண்டுபிடிக்க வேண்டும்.